போகாத தீவின் அதிகாரி

என் கையில் ஒரு தீவு இருந்தது. சொந்தத்தில் இல்லை, நிர்வாகத்தில். இருபத்திரண்டு வருடம் அந்தத் தீவுக்கு நான்தான் எல்லாம். பிறப்பு இறப்புப் பதிவாளர் நான், நில அளவையர் நான், புகார் வாங்குகிறவன் நான், சுகாதார ஆய்வாளரும் நானே. மக்கள்தொகை பூஜ்யம். அதனால் எனக்குக் கெட்ட பெயர் வாங்கித்தர அங்கே ஆள் இல்லை. அந்த வேலையை நானே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

தீவு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கடல் நடுவில் இரண்டு கால்பந்து மைதானம் அளவுக்கு ஒரு பாறை. எங்கள் கரையிலிருந்து படகில் ஆறு மணி நேரம். எதிர்க்கரை நாட்டிலிருந்தும் அதே ஆறு மணி நேரம். இது போதாதா? பங்காளிகள் பொதுச்சுவருக்கு அடித்துக்கொள்வதுபோல இரண்டு நாடுகளும் தலைமுறை தலைமுறையாக அதற்கு அடித்துக்கொண்டன. நடுவில் யாரோ ஒரு சட்ட மேதை, "கொடி நட்டால் மட்டும் போதாது, அன்றாடம் நிர்வாகம் நடப்பதற்கு ஆதாரம் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஆதாரம்தான் நான்.

துறைமுகத் தெருவில், எழுதுபொருள் கடைக்கு மேலே, ஓர் அறை. வாசலில் 'தீவு நிர்வாக அலுவலகம்' என்று பலகை. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒன்று எனக்கு. இன்னொன்று தீவிலிருந்து மனுக் கொடுக்க வருகிறவர்களுக்கு. அதில் இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் உட்காரவில்லை, அதன் பிரம்புப் பின்னல் இன்றைக்கும் புதிது மாதிரி இருக்கும். தினமும் காலை பத்து மணிக்கு மூன்று பதிவேடுகளைத் திறப்பேன். பிறப்பு இல்லை. இறப்பு இல்லை. புகார் இல்லை. தேதி முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, மை காய ஊதுவேன். இவ்வளவு நிம்மதியான குடிமக்கள் எந்த அரசாங்கத்துக்கும் வாய்த்ததில்லை.

வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது அதில் ஒரு கேள்வி இருந்தது: கடல் பயணம் உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா? 'ஒத்துக்கொள்ளும்' என்று எழுதினேன். அதுவரை நான் படகில் கால் வைத்ததில்லை. ஊஞ்சலில் ஆடினாலே தலை சுற்றும் ஆசாமி. ஆனால் வேலை இல்லாதவனுக்கு எல்லாம் ஒத்துக்கொள்ளும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தீவுக்குப் போய், இரண்டு இரவு தங்கி, நேரில் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். முதல் தடவை உண்மையாகவே கிளம்பினேன். கரையை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். படகின் அடியில் கிடந்த மீன் வலைமேல் குப்புறப் படுத்து, பெற்ற தாயையும் சட்ட மேதையையும் மாறிமாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். படகோட்டி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படகைத் திருப்பினார்.

"சார், தீவு எங்கயும் ஓடிடாது. நீங்க கரையில ஓய்வெடுங்க. நான் அப்படியே மீன் பிடிக்கப் போறேன். மூணாம் நாள் இங்கயே வந்து நில்லுங்க" என்றார்.

அப்போதே அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். புதிதாகக் கல்யாணம் ஆனவன். வேலை போய்விட்டது என்று எப்படி வீட்டில் சொல்வது? துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாலுமிகள் தங்கும் பழைய விடுதி ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடம். அதில் ஆறாம் எண் அறையை எடுத்தேன். எனக்கு முன் இருந்தவரின் அறிக்கைகள் பையில் இருந்தன. அவற்றைப் பார்த்து எழுதினேன்: 'எல்லைக்கல் உறுதியாக உள்ளது. கிணற்று நீர் குடிக்கத் தக்கது. மரம் நலம்.' மூன்றாம் நாள் படித்துறையில் இறங்கி, செருப்பிலும் கால்சட்டை நுனியிலும் கடல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் மனைவி, கிளம்பும்போது குமட்டலுக்கு என்று இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்திருந்தாள். திரும்பி வந்ததும், "தீவு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். சக்களத்தியைப் பற்றி விசாரிப்பதுபோல இருந்தது குரல்.

"நல்லா இருக்கு" என்றேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரன் இல்லை, அதனால்தானோ என்னவோ என் புளுகு இருபத்திரண்டு வருடம் ஓடியது. மொத்தம் எண்பத்தெட்டு ஆய்வுகள். எண்பத்தெட்டும் ஆறாம் எண் அறையில். விடுதி மேலாளர் எவளோ ஒருத்திக்காக நான் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு பல வருடம் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை யாரும் வராததில் அவருக்கு என்னைவிட வருத்தம்.

ஒரே அறிக்கையை எத்தனை தடவை எழுதுவது? கொஞ்சம் கற்பனையும் சேர்த்தேன். மரத்தை வருடத்துக்கு ஒரு சாண் வளர்த்தேன். பறவைகளைக் கணக்கெடுத்தேன்: ஒரு காலாண்டில் இருநூற்றுப் பன்னிரண்டு, அடுத்ததில் இருநூற்றுப் பத்தொன்பது. தலைநகரிலிருந்து 'பறவைக் கணக்கு மிகவும் பயனுள்ளது' என்று பாராட்டு வந்தது. மாறுதலுக்காக ஒரு தடவை புயலில் மரத்தின் கிளை ஒன்றை முறித்தேன். உடனே, 'முன்னெச்சரிக்கை நடவடிக்கை ஏன் எடுக்கப்படவில்லை?' என்று விளக்கம் கேட்டு ஓலை வந்துவிட்டது. அவசர அவசரமாக மரத்துக்கு ஒரு முட்டுக்கொம்பு கொடுத்து, இனி இப்படி நடக்காது என்று மன்னிப்புக் கேட்டேன். கண்ணால் பார்க்காத மரத்துக்காக நான் வாங்கிய வசவு அது ஒன்றுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது.

என் மகள் பிறந்த அன்று நான் 'தீவில்' இருந்தேன். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் வழக்கம்போல எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் காலையில் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. என் மைத்துனிதான், மனைவியின் தங்கை, வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். ஒரு பகலும் ஓர் இரவும் வலி. நான் மூன்றாம் நாள் செருப்பில் கடல் தண்ணீரோடு போய் நின்றபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அவர் என்ன செய்வாரு? நாட்டு வேலை" என்று எனக்காக என் மனைவியே எல்லாரிடமும் பேசினாள். மகள் வளர வளர அந்தக் கதையும் வளர்ந்தது. நீ பிறந்தப்ப அப்பா நடுக்கடல்ல தனியா நாட்டைக் காத்துட்டு இருந்தாரு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் அதைக் கேட்பாள். நானும் சொல்வேன். அன்றைக்குத் தீவில் வீசிய காற்றைக்கூட வர்ணிப்பேன். வீட்டில் அவளைத் 'தீவுக்குட்டி' என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு தடவையும் தீவிலிருந்து ஒரு கல் கொண்டுவரச் சொல்வாள். விடுதிக்குப் பின்னால் சாலை போடக் கொட்டிய ஜல்லி ஒரு குவியல் கிடந்தது. அதிலிருந்து நல்லதாகப் பார்த்து எடுத்து வருவேன். அவற்றை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள்.

வேலை போனால் போகட்டும். ஜெயில் என்றாலும் போய்விட்டு வரலாம். ஆனால் அந்தப் பிறந்தநாள் கதை பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

அவளுக்குப் பத்தொன்பது வயது நடக்கும்போது தீவு செய்தித்தாளில் வந்தது. எதிர்க்கரை நாட்டுக் கப்பல் ஒன்று தீவுக்குப் பக்கத்தில் நின்றதாம். எங்கள் கப்பல் இரண்டு போய் நின்றது. அவர்கள் நான்கு அனுப்பினார்கள். இரண்டு நாட்டுத் தூதர்களும் மாற்றி மாற்றி அழைக்கப்பட்டுக் கண்டிக்கப்பட்டார்கள். எல்லாரும் ஒரு உரசலுக்காகக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில், தலைநகரில் யாரோ ஒருவர் அலமாரியைத் திறந்து என் எண்பத்தெட்டு அறிக்கைகளைக் கண்டுபிடித்துவிட்டார். இருபத்திரண்டு வருட இடைவிடாத நிர்வாகம். மரம், கிணறு, எல்லைக்கல், பறவைக் கணக்கு. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

ஒரே நாளில் நான் பெரிய மனிதன் ஆகிவிட்டேன். செய்தித்தாளில் என் படம், கையில் பதிவேட்டோடு. 'பாறை மேய்க்கிறவர்' என்று கிண்டல் செய்துகொண்டிருந்த மாமனார் வீட்டில் எனக்கு நல்ல நாற்காலி போட்டார்கள். மகளின் கல்லூரியில் அவளை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். கல் ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். புலி வாலைப் பிடித்தவன் கதைதான். விட்டால் கடிக்கும், பிடித்துக்கொண்டே எத்தனை நாள் ஓடுவது?

சண்டையைத் தீர்க்க மூன்றாவது நாடு ஒன்றிலிருந்து நடுவர் குழு வந்தது. தலைவர் ஓர் அம்மையார், வெயிலுக்குப் பெரிய தொப்பி போட்டவர். இரண்டு தரப்பு அதிகாரிகளும் ஒரே கப்பலில் தீவுக்கு வர வேண்டும், நேரில் அடையாளம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் தரப்பில் என் மேலதிகாரியும் நானும்.

கிளம்புகிற அன்று மனைவி வழக்கம்போல இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

"உங்களுக்குப் புதுசா என்ன? கண்ணைக் கட்டி விட்டாலும் போயிட்டு வந்துடுவீங்க" என்றாள்.

கப்பல் பெரியதுதான். கடலுக்கு அது தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் நான் பின்தளத்துக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், எனக்கு நாலடி தள்ளி இன்னொருவர் அதே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். ஒடிசலான மனிதர். கழுத்தில் எதிர்க்கரை நாட்டின் அடையாள அட்டை. எங்கள் நாட்டுக்கு நான் என்னவோ, அவர்கள் நாட்டுக்கு அவர் அது. அவர்களும் பேசுவது எங்கள் மொழிதான், கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

கப்பல்காரர் ஒருவர் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வாளியை வைத்துவிட்டுப் போனார். அதற்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை. முறை வைத்துக்கொண்டோம்.

கொஞ்சம் தெளிந்ததும் ஓர் எலுமிச்சம்பழத்தை அவரிடம் நீட்டினேன். வாங்கி முகர்ந்துகொண்டார்.

"எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று கேட்டார்.

"இருபத்திரெண்டு. உங்களுக்கு?"

"பதினெட்டு."

"தீவுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?" என்றேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தவர் குனிந்துவிட்டார்.

"சரி, புரிஞ்சுது" என்றேன்.

"உங்களுக்கும் அதேதானா?" என்று நிமிர்ந்து கேட்டார்.

எனக்கும் அப்போது என் முறை வந்துவிட்டது.

தீவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்த அம்மையார் எங்களைச் சாப்பாட்டு அறையில் தனித்தனி மேசையில் உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். தீவை வரையச் சொன்னார். நான் வடக்கு ஓரத்தில் எல்லைக்கல்லை வரைந்தேன். நடுவில் கிணறு. பக்கத்தில் மரம், முட்டுக்கொம்போடு. இவ்வளவு வருடம் வளர்த்த மரம் இல்லையா, இலை இலையாக வரைந்தேன். அந்தப் பக்கம் அவரும் மும்முரமாக என்னவோ வரைந்துகொண்டிருந்தார். குடிசை ஒன்று, ஜன்னல் வைத்து, கூரை போட்டு. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

இறங்கினோம். பாறை. அவ்வளவுதான். வெள்ளையடித்ததுபோல முழுவதும் பறவை எச்சம். கல் இல்லை, கிணறு இல்லை, மரம் இல்லை, குடிசை இல்லை. பறவைகள் மட்டும் ஆயிரக்கணக்கில். இருநூற்றுப் பத்தொன்பது என்று நான் எழுதியதை அவை படித்திருந்தால் என்னைக் கொத்தியே கொன்றிருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சின்ன வயதில் படித்திருக்கிறேன். என் ஏட்டு மரம் நிற்கக்கூட ஒரு பிடி மண் இல்லை அங்கே. எனக்கு முன் இருந்தவரும் இங்கே வந்ததில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அம்மையார் என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "உங்க மரம் எங்கேன்னு கேக்கறாங்க."

என் மேலதிகாரி காதருகே வந்தார். "அவங்க வெட்டிட்டாங்கன்னு சொல்லுங்க. கிணத்தையும் மூடிட்டாங்கன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒடிசல் மனிதரின் காதிலும் அவருடைய மேலதிகாரி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். குடிசையை நாங்கள் இடித்துவிட்டோம் என்றுதான் இருக்கும். தூரத்தில் எங்கள் கப்பல்களும் அவர்கள் கப்பல்களும் நின்றன. நான் 'வெட்டிவிட்டார்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்குச் செய்தித்தாளில் அது எட்டுப் பத்தித் தலைப்பு. நான் சாகும்வரை வீரன். என் மகளுக்கு அவள் கதை அப்படியே இருக்கும். அந்த மரத்துக்காக நாலு பையன்கள் கப்பலில் செத்தாலும், எனக்கு என்ன, மாமனார் வீட்டு நாற்காலி நிலையாகிவிடும்.

அதற்குமேல் நான் செய்ததை வீரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆறு மணி நேரமாக வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே போயிருந்தது. புதிதாகப் பொய் சொல்ல உடம்பில் தெம்பு இல்லை. வாயைத் திறந்தேன், உண்மைதான் வந்தது.

"மரம்னு ஒண்ணு இல்லீங்க. யாரும் வெட்டல. நான் இங்க வர்றது இதுதான் முதல் தடவை."

என் மேலதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். ஒடிசல் மனிதர் என்னைப் பார்த்தார். நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் தீவு எங்களுக்கே கிடைத்திருக்கலாம், தெரியவில்லை. பிறகு அவரும் சொன்னார், இழுத்து இழுத்து:

"எங்க குடிசையும் அதே கதைதாங்க."

இரண்டு தரப்புக்கும் ஆதாரம் இல்லை என்று நடுவர் குழு எழுதிக்கொடுத்தது. இரண்டு அரசாங்கமும் ஒரே அளவுக்கு அசடு வழிந்ததால், யாராலும் மற்றவரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. கப்பல்கள் ஒவ்வொன்றாகத் துறைமுகத்துக்குத் திரும்பின. திரும்பும் பயணத்திலும் அதே வாளிதான். நடுநடுவே அவரவர் எழுதிய அறிக்கைகளைச் சொல்லிக்கொண்டோம். பிரியும்போது அவர் என் கையைப் பிடித்து, "அந்தக் கிளை முறிஞ்ச வருஷம், எங்க பக்கத்துல குடிசைக் கூரை பறந்துச்சு" என்றார். அந்த வருடம் நிஜமாகவே புயல் அடித்திருக்கிறது போலிருக்கிறது.

வேலை போயிற்று. மூன்று நாள் செய்தித்தாள்களில் என்னைத் துரோகி என்று திட்டினார்கள். நாலாம் நாள் விலைவாசி ஏறியதால் என்னை மறந்துவிட்டார்கள். ஆனால் அந்த மூன்று நாளில் ஒருநாள், ஒரு செய்தித்தாள் என் எண்பத்தெட்டு ஆய்வுத் தேதிகளையும் வரிசையாகப் போட்டு, மேலே 'அத்தனையும் போலி' என்று தலைப்புக் கொடுத்திருந்தது.

அன்று காலை நான் சமையலறைக்குள் நுழைந்தபோது மகள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். செய்தித்தாள் விரித்திருந்தது. ஒரு தேதியைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"அன்னிக்கு எங்க இருந்தீங்க, அப்பா?"

சொன்னேன். விடுதி, ஆறாம் எண் அறை. படகோட்டி, அறிக்கைகள், செருப்பில் தெளித்த தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் மேசைமேல் இருந்த ஜாடியைப் பார்த்தாள்.

"இந்தக் கல்லெல்லாம்?"

"விடுதிக்குப் பின்னாடி. ரோடு போட வெச்சிருந்த ஜல்லி."

 பிறகு, எனக்குத் தப்பிக்க ஒரு வழி விடுவதுபோல மெதுவாகக் கேட்டாள்: "அம்மாவுக்கு வலி வந்தது உங்களுக்குத் தெரியாது. அறையில இருந்தவருக்கு எப்படித் தெரியும். அப்படித்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். நான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதது அது ஒன்றுதான். தனியாக இருக்கும்போது எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

"தெரியும்" என்றேன். "ஜன்னல்ல நின்னுட்டு இருந்தேன். காலையில உங்க சித்தி ஃப்ளாஸ்கும் துணிப்பையுமா தெருவுல ஓடினா. ஆஸ்பத்திரிப் பக்கம். எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு."

"புரிஞ்சும்?"

"நான் தீவுல இருக்கேனே. எப்படி வர்றது?"

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்டது. அன்று பகல் முழுவதும் அந்த ஜன்னலைவிட்டு நான் நகரவில்லை. நாலு தடவை செருப்பை மாட்டினேன். நாலு தடவையும் கழற்றினேன்.

மனைவி அடுப்பை அணைத்தாள். திரும்பாமலே கேட்டாள்: "அந்த எலுமிச்சம்பழத்தையெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"சாறு பிழிஞ்சு குடிச்சேன்."

"சர்க்கரை போட்டா?"

"போட்டுதான்."

 கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வேளைக்கு மேசைக்கு வந்தது.

மூன்றாம் நாள் மாலை மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "அந்த ரூமைக் காட்டுங்க" என்றாள். அம்மாவைக் கூப்பிட்டதற்கு, "நான் அந்தப் பக்கம் வரல" என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது.

விடுதி மேலாளருக்கு வயதாகியிருந்தது. என்னோடு ஒரு பெண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "என் மக" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆறாம் எண் அறையைத் திறந்துவிட்டார். அதே இரும்புக் கட்டில், அதே காலொடிந்த மேசை. என் மகள் எதையும் தொடவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனாள். கீழே தெரு, தெருவின் முனையில் மரங்களுக்கு மேலே மருத்துவமனைக் கட்டடம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நடங்க" என்றாள்.

படியிறங்கினோம். பாத்திரக் கடை, தையல் கடை, சைக்கிள் நிறுத்துமிடம். சாலையைக் கடக்க ஒரு லாரிக்காக நின்றோம்.  மருத்துவமனை வாசலுக்கு வந்ததும் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினோரு நிமிஷம். லாரிக்காக நின்னதைக் கழிச்சா ஒம்பது."

நான் தலையாட்டினேன். 

"அம்மா எந்த ரூம்ல இருந்தா?"

"ரெண்டாவது மாடி. ஓரத்திலேருந்து மூணாவது ஜன்னல்."

அவள் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு திரும்பி நாங்கள் வந்த வழியைப் பார்த்தாள். தெருவின் அந்தக் கோடியில் விடுதியின் மாடி தெரிந்தது. அதற்குப் பின்னால் கடல்.

"அம்மா எப்பவும் சொல்லுவா" என்றாள். "வலி எடுக்கறப்பல்லாம் ஜன்னல் வழியா கடல் பக்கமே பாத்துட்டு இருந்தேன், உங்க அப்பா அங்க இருக்காருன்னு."

 அழுதேன் என்று சொல்வதில் இனி என்ன வெட்கம், அழுதேன்.

"சரியான பக்கம்தான் பாத்திருக்கா" என்றாள் என் மகள். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தாள். நான் இரண்டடி பின்னால் நடந்தேன்.